பட்டாளத்து வீட்டுக்குத் துக்கச் செய்தி வந்தால்: ராமநாதபுரம் கரையோரக் குடும்பங்களுக்கு ஒரு கைக்குறிப்பு

2020 ஜூன் 15 இரவு கல்வான் பள்ளத்தாக்கில் உயிரிழந்த 20 பேரில் ஒருவர் திருவாடானை பக்கத்துக் கடுக்கலூர்க்காரர், ஹவில்தார் பழனி. திருவாடானை, தொண்டி, மண்டபம், சாயல்குடி என்று இந்த மாவட்டம் முழுக்க மிலிட்டரிக்காரர் வீடுகள் பரவிக் கிடக்கின்றன. அப்படி ஒரு வீட்டில் யாரும் பேச விரும்பாத ஒரு நாளுக்கான குறிப்பு இது. இதில் பாதி வேலையைப் பட்டாளத்துக்காரர் லீவில் வந்திருக்கும்போதே முடித்துவிடலாம். முடிக்காமல் விட்ட ஒவ்வொன்றும் பின்னால் அவர் மனைவியின் தலையில்தான் விழும்.

லீவில் வந்திருக்கும்போது

முதலில் பார்க்க வேண்டியது பார்ட் டூ ஆர்டர். கல்யாணம், குழந்தை பிறப்பு, நாமினி மாற்றம் எல்லாம் யூனிட்டில் இந்த ஆர்டராக வெளிவந்து, படைவீரர்களின் பதிவேடுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீசில் ஏறினால்தான் பட்டாளத்தின் கணக்கில் நடந்ததாக அர்த்தம். ஊரே கூடிச் செய்த கல்யாணமாக இருக்கலாம். ஆர்டர் வரவில்லை என்றால் பதிவேட்டில் அவர் இன்னும் பிரம்மச்சாரிதான், செய்தி முதலில் போவதும் அப்பா பெயருக்குத்தான். ஆர்டர் நகலை வாங்கி வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். கூடவே அவருடைய படை எண், யூனிட் பெயர், யூனிட் போன் எண், ரெக்கார்ட் ஆபீஸ் முகவரி நான்கையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு, மெட்ராஸ் சாப்பர்ஸ் (பொறியாளர் படை) என்றால் பெங்களூரு, விமானப்படை என்றால் டெல்லி சுப்ரதோ பார்க், கடற்படை மாலுமி என்றால் மும்பை.

அடுத்து பெயர். இந்தக் கரையில் அதிகம் மாட்டுவது இதில்தான். பதிவேட்டில் முத்துலெட்சுமி, ஆதாரில் முத்து லட்சுமி, வங்கியில் வெறும் லட்சுமி என்று ஒரே பெண் மூன்று பெயரில் இருப்பார். பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழில் வேறொன்று. கீழக்கரை, பெரியபட்டினத்தில் நிக்காஹ் பதிவேட்டில் ஒரு எழுத்து கூட, ஆதாரில் ஒன்று குறைய. ஆங்கில எழுத்தில் ஒன்று மாறினாலும் பென்ஷன் கோப்பு திரும்பி வரும். ஆதாரைப் பார்ட் டூ ஆர்டருக்கு ஏற்ப மாற்றுவது சுலபமா, ஆர்டரைத் திருத்துவது சுலபமா என்று அவர் யூனிட் கிளார்க்கிடம் கேட்டு, எல்லாவற்றையும் ஒரே எழுத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். தேவாலயச் சான்று, ஜமாத் சான்று, கோயில் ரசீது இவற்றோடு நிறுத்தாமல் சார்பதிவாளர் அலுவலகத்தில் கல்யாணத்தைப் பதிவு செய்யுங்கள். 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டப்படி எந்த மதத்தவருக்கும் அது கட்டாயம்.

போன் எண் விஷயத்துக்கு வருவோம். அப்பா கடல் தொழிலுக்குப் போகிறவர் என்றால், அவருடைய ஒரே எண்ணைக் கொடுப்பது கொடுக்காததற்குச் சமம். கரையை விட்டுக் கொஞ்சம் தள்ளினாலே சிக்னல் போய்விடும். தனுஷ்கோடி பக்கம் இலங்கை டவர் பிடித்துக்கொள்ளும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர் கரையில் இருப்பார், மற்ற மாதங்களில் அதை நம்ப முடியாது. மூன்று எண்கள் கொடுங்கள்: மனைவியுடையது, எப்போதும் கரையில் இருக்கும் ஒரு சித்தப்பா அல்லது மாமாவுடையது, இந்தியோ ஆங்கிலமோ பேசத் தெரிந்த ஒருவருடையது. யூனிட்டில் பெரும்பாலும் தமிழ்க்காரர் ஒருவரைப் பேச வைப்பார்கள். ஆனால் அவர் அந்த நேரம் எங்கே இருப்பாரோ. முகவரியிலும் வெறும் கிழக்குத் தெரு போதாது. கதவு எண், அஞ்சலகம், காவல் நிலையம், அருகில் உள்ள கோயில் அல்லது பள்ளிவாசல் எல்லாம் இருக்கட்டும். ஒரே பெயரில் இரண்டு குடியிருப்புகள் உள்ள இடங்களில் ஆள் தவறான வீட்டுக் கதவைத் தட்டிய பிறகு அதைத் திரும்பப் பெற முடியாது.

கடைசியாக நாமினி. ராணுவக் குழுக் காப்பீடு, வருங்கால வைப்பு நிதி, வங்கிக் கணக்கு மூன்றும் தனித்தனி. ஒன்றில் எழுதினால் மற்றதில் வராது. கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரில் எழுதியது அப்படியே கிடப்பது சாதாரணமாக நடக்கிறது. அம்மாவுக்கும் மனைவிக்கும் பங்கு பிரித்து எழுத விரும்பினால் அவர் கையாலேயே, சதவீதம் போட்டு எழுதட்டும். அவர் இல்லாதபோது அந்தச் சதவீதத்தைப் பேசி முடிவு செய்ய உட்கார்ந்த குடும்பங்கள் சில வருடக்கணக்கில் பேசாமல் போயிருக்கின்றன. குடும்பப் பென்ஷனை நாமினியாலோ உயிலாலோ மாற்ற முடியாது. அது விதிப்படி முதலில் மனைவிக்கே போகும். திருமணமாகாதவர் என்றால் பெற்றோருக்கு.

செய்தி வரும் வழி

2013 ஜூலையில் தந்திச் சேவை நிற்கும் வரை அந்தக் காகிதம்தான் செய்தி. இப்போது யூனிட்டிலிருந்து போன். அதே நேரம் ரெக்கார்ட் ஆபீஸ் வழியாகவும், மாவட்ட நிர்வாகம், காவல்துறை, மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம் வழியாகவும் தகவல் இறங்கும். நெருங்கிய உறவுக்குச் சொல்லும் முன் பெயரை வெளியிடக் கூடாது என்பதே முறை. ஆனால் நடப்பது வேறு. அதே யூனிட்டில் இருக்கும் பக்கத்து ஊர்ப் பையன் தன் அண்ணனுக்குச் சொல்வான், அது வாட்ஸ்அப்பில் ஏறும், மனைவி மட்டும் தெரியாமல் அடுப்படியில் நிற்பார். உறுதியாகாத செய்தி காதில் விழுந்தால் அதை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், நோட்டில் எழுதிய யூனிட் எண்ணுக்கோ ராமநாதபுரம் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கோ முதலில் கேளுங்கள்.

'டி.ஐ.எல்.' என்று சொன்னால் அபாயகரமான நிலையில் இருப்போர் பட்டியல் என்று பொருள், மரணம் இல்லை. எந்த மருத்துவமனை, வீட்டிலிருந்து யார் வரலாம், பயண ஏற்பாடு என்ன என்று கேட்டு உடனே கிளம்புங்கள்.

இறப்புச் செய்தி என்றால் போனை எடுப்பவர் ஒரு பேனாவை எடுத்துக்கொள்ளட்டும். பேசுபவரின் பதவி, பெயர், திரும்ப அழைக்கும் எண். இறந்தவரின் படை எண், அது உங்கள் நோட்டோடு பொருந்துகிறதா. இடம், நேரம். எதிரித் தாக்குதலா, விபத்தா, பனிச்சரிவா, உடல்நலக் குறைவா. உடல் எந்த மருத்துவமனையில், எப்போது கிளம்பும், எந்த விமான நிலையம், கூட வருவது யார். அந்த நேரத்தில் கேட்டது மனதில் தங்காது. அதனால்தான் எழுதச் சொல்வது.

மனைவிக்குச் சொல்வது. நம் பக்கத்தில் 'லேசா அடி பட்டிருக்காம், ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்காங்க' என்று படிப்படியாக இறக்குவது பழக்கம். நல்ல எண்ணம்தான். ஆனால் இன்று அதற்கு நேரமில்லை. அரை மணி நேரத்தில் தெருமுனையில் பந்தல் கம்பு இறங்கும், டிவி வண்டி வரும், பொய்யைச் சொன்னவர் மேல் அந்தப் பெண்ணுக்கு ஆயுசுக்கும் நம்பிக்கை வராது. அவருக்கு நெருக்கமான ஒரு பெண், அக்காவோ அண்ணியோ, பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்து, 'இறந்துட்டார்மா' என்ற சொல்லையே சொல்ல வேண்டும். 'நம்மள விட்டுட்டுப் போயிட்டார்' என்பது அந்த நிமிடத்தில் மூளைக்கு ஏறுவதில்லை. கர்ப்பமாக இருந்தாலோ சர்க்கரை, ரத்த அழுத்தம் இருந்தாலோ கிராம செவிலியரை முன்கூட்டியே வீட்டுக்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். பெற்றோர் வேறு வீட்டில் இருந்தால் இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும். யாருக்கு முதலில் சொன்னார்கள் என்பது பிறகு பெரிய குறையாக நிற்கும்.

அப்பா கடலில் இருந்தால்? படகில் இருக்கும் வி.எச்.எப். வயர்லெஸ் செட்டில் சொல்வது அந்த அலைவரிசையில் இருக்கும் எல்லாப் படகுக்கும் கேட்கும். அதனால் பெயர் சொல்லி, 'வீட்ல அவசரம், வலையை எடுத்துட்டு உடனே கரைக்கு வாங்க' என்பதற்கு மேல் பேசக் கூடாது. முடிந்தால் கூடவே தொழில் பார்க்கும் மைத்துனர் ஒருவர் வேறு படகில் போய், அவர் படகில் ஏறிக்கொண்டு, திரும்பும் வழியில் உட்கார வைத்துச் சொல்லலாம். ஓட்டுவதை மட்டும் அவர் கையில் விடக் கூடாது. ஜெட்டியில் இறங்கும் இடத்தில் கூட்டம் சேராமல் சங்கத் தலைவர் பார்த்துக்கொள்ளட்டும்.

உடல் வந்து சேரும் வரை

1999 கார்கில் போருக்கு முன் களத்தில் இறந்தவர்களில் பெரும்பாலோரின் உடல் ஊருக்கு வந்ததில்லை. அங்கேயே இறுதிச் சடங்கு, வீட்டுக்குக் காகிதமும் பெட்டியில் அவருடைய சாமான்களும். இப்போது உடல் வரும். காஷ்மீர், லடாக் என்றால் பிரேதப் பரிசோதனை, பதப்படுத்தல், அங்கே மரியாதை, டெல்லி வழி விமானம் என்று ஓரிரு நாளாவது ஆகும். வானிலை கெட்டால் இன்னும் கூடும். பெரும்பாலும் மதுரை விமான நிலையம். அங்கிருந்து ராமநாதபுரம் சுமார் 115 கிலோமீட்டர், ராமேசுவரம் சுமார் 170.

காத்திருக்கும் நேரத்தில் ஊர்க்காரர்கள் செய்ய வேண்டியது பாதை பார்ப்பது. கடற்கரைக் குடியிருப்புகளில் சந்து குறுகல், மணல் ஆழம். ராணுவ லாரியும் ஆம்புலன்சும் மணலில் புதைந்து, பெட்டியைக் கையில் தூக்கி ஓடுவது பார்க்கச் சகிக்காது. ஊராட்சியிடம் சொல்லி முந்தின நாளே மண்ணோ கிராவலோ தட்டிச் சமப்படுத்துங்கள். பெட்டி கனமானது, தூக்க ஆறிலிருந்து எட்டுப் பேர் வேண்டும். வீட்டு வாசல்படியில் அது திரும்புமா என்று அளந்து பாருங்கள். திரும்பாது என்றால் முற்றத்திலோ பள்ளி மைதானத்திலோ வைக்க இப்போதே முடிவு செய்யுங்கள். அடக்கம் சொந்த நிலத்திலா பொது மயானத்திலா என்பதையும் அன்றே தாசில்தாரிடம் பேசிவிடுங்கள். பிறகு நினைவிடம் கட்ட அனுமதி கேட்கும்போது நிலம் யாருடையது என்ற கேள்விதான் முதலில் வரும்.

பெட்டியைத் திறப்பதா. கூட வரும் ஜே.சி.ஓ.விடம் (இளநிலை ராணுவ அதிகாரி) தனியாகக் கேளுங்கள், அவர் உள்ளதைச் சொல்வார். மனதில் தெம்புள்ள ஒரு ஆண் உறவு, அண்ணனோ மாமாவோ, முதலில் பார்த்துவிட்டு, முகம் காட்டலாமா வேண்டாமா என்று சொல்லட்டும். பதப்படுத்திய மருந்து கண்ணைக் கரிக்கும், மூக்கைக் குத்தும். சின்ன அறையில் கூட்டம் அடைத்து நிற்கக் கூடாது. திறக்க வேண்டாம் என்று சொன்னால் உடைக்காதீர்கள். பதிலாக அவர் கைக்கடிகாரம், பர்ஸ் போன்ற சாமான்களை மனைவி கையில் முதலில் கொடுக்கச் சொல்லலாம். குளிப்பாட்டுவது, எண்ணெய் வைப்பது, கஃபன் உடுத்துவது எது முடியும், எது முடியாது என்பதை ஊர்ப் பெரியவர், ஜமாத், பங்குத்தந்தை யாராக இருந்தாலும் முன்பே ராணுவக் குழுவோடு பேசித் தெளிந்துகொள்வது நல்லது.

தேசியக் கொடி பெட்டி மேல் தலைப்பக்கம் காவி வரும்படி இருக்கும். கொடிச் சட்டப்படி அது குழிக்குள் இறங்கவோ சிதையில் எரியவோ கூடாது. மடித்து வீட்டாரிடம் தருவார்கள். யார் கையில் வாங்குவது, மனைவியா அம்மாவா என்று முந்தின இரவே பேசி முடியுங்கள். காமிரா முன்னால் இரண்டு கைகள் நீண்டு நின்றால் அந்தப் படம் மட்டும்தான் ஊரில் மிஞ்சும். துப்பாக்கிக் குண்டு மூன்று முறை வானத்தை நோக்கி முழங்கும், பிறகு பியூகிள் ஊதுவார்கள். குழந்தைகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், கைக்குழந்தையைத் தள்ளி வையுங்கள். பத்திரிகைக்காரரிடம் பேச ஒருவரை மட்டும் நியமியுங்கள். மனைவியின் போன் எண்ணும் வங்கி விவரமும் செய்தியில் வரவே கூடாது. அதற்கான காரணம் கீழே.

பணமும் காகிதமும்

எல்லாமே இறப்பு எந்த வகையில் சேர்க்கப்படுகிறது என்பதில் நிற்கிறது. ஏ முதல் ஈ வரை ஐந்து வகை: ஏ இயல்பான மரணம், பி பணியால் வந்த நோய், சி பணியில் விபத்து, டி தீவிரவாதிகள் போன்றோரின் வன்முறை, ஈ எதிரி நடவடிக்கை, எல்லை மோதல். டி, ஈ இரண்டுக்கும் தாராளக் குடும்பப் பென்ஷன், அதாவது கடைசியாக வாங்கிய கணக்கிடத்தக்க ஊதியம் முழுவதும். பி, சி என்றால் சிறப்புக் குடும்பப் பென்ஷன், அதில் 60 சதவீதம். ஏ என்றால் சாதாரணப் பென்ஷன் 30 சதவீதம், பணியிலிருக்கும்போது இறந்ததால் முதல் பத்து ஆண்டு 50 சதவீதம். ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்தால் மாதம் 40,000, 24,000, 12,000 (முதல் பத்து ஆண்டு 20,000), அகவிலை நிவாரணம் தனி. ஒரு எழுத்தில் இவ்வளவு தூரம். யூனிட் அனுப்பிய பேட்டில் கேஷுவல்டி (போர் உயிரிழப்பு) அறிக்கையின் நகலைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். வகை தவறு என்று பட்டால் மேல்முறையீடு செய்யலாம், அதற்கும் மேலே ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு உண்டு.

மத்திய அரசின் ஒரே தவணைக் கருணைத்தொகை 2016 ஜனவரி 1 முதல் இப்படி: பணியில் விபத்து அல்லது தீவிரவாத வன்முறையில் 25 லட்சம், எல்லை மோதலிலோ தீவிரவாதிகளுக்கு எதிரான நடவடிக்கையிலோ அல்லது குறிப்பிட்ட உயரமான பகுதிகளில் இயற்கைச் சீற்றத்தாலோ 35 லட்சம், அறிவிக்கப்பட்ட போரில் 45 லட்சம். இதோடு ராணுவப் போர் உயிரிழப்பு நல நிதியிலிருந்து வரும் தொகை 2019இல் 2 லட்சத்திலிருந்து 8 லட்சமாக உயர்ந்தது. குழுக் காப்பீடு, வைப்பு நிதி, பணிக்கொடை தனித்தனி. மாநில அரசின் தொகை அறிவிப்பாக வரும். பழனி குடும்பத்துக்கு 2020இல் 20 லட்சமும் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவிக்கப்பட்டன. சம்பளக் கணக்கோடு சேர்ந்த விபத்துக் காப்பீட்டைத்தான் பெரும்பாலான வீடுகள் கோட்டை விடுகின்றன. அது தானாக வராது, காலக்கெடுவுக்குள் வங்கிக் கிளையில் எழுதிக் கேட்க வேண்டும். ஈமக்காரியம் முடிந்த வாரமே ஒருவர் போய் எழுத்துமூலம் தகவல் கொடுத்துவிட வேண்டும்.

நான்காண்டுப் பணிக்குச் சேர்ந்த அக்னிவீர் என்றால் கணக்கே வேறு. 48 லட்சம் காப்பீடு, பணியால் நேர்ந்த மரணம் என்றால் கூடுதலாக 44 லட்சம், நான்காண்டில் மிச்சமிருந்த காலத்துச் சம்பளம், சேவா நிதி (சம்பளத்தில் பிடித்ததும் அரசு போட்டதும் சேர்ந்த தொகை). மாதப் பென்ஷன் கிடையாது. சி.ஆர்.பி.எஃப்., பி.எஸ்.எஃப். உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருபவை, அவர்களுடைய தலைமையகம் வழியாகத்தான் எல்லாம். முன்னாள் படைவீரர் அலுவலகத்தில் போய் நின்றால் திருப்பி அனுப்புவார்கள்.

இறப்புச் சான்றிதழை ஊர் வி.ஏ.ஓ.விடம் தேடாதீர்கள். இறந்த இடத்தில்தான் பதிவாகும், யூனிட் வழியாகவே வாங்க வேண்டும். பத்துப் பிரதியாவது கேளுங்கள். வாரிசுச் சான்றிதழ் இங்கே, இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தாரிடம். எந்தக் காகிதத்திலும் வெற்றுக் கையெழுத்து போடாதீர்கள், சொந்தக்காரர் கேட்டாலும். செய்தி டிவியில் வந்த வாரமே, 'ரெக்கார்ட் ஆபீசிலிருந்து பேசுறோம், ஓ.டி.பி. சொல்லுங்க' என்று போன் வரும். எந்த ராணுவ அலுவலகமும் ஓ.டி.பி. கேட்பதில்லை. இந்த மோசடியால்தான் போன் எண் வெளியே போகக் கூடாது என்றது.

பெரிய தொகை வந்ததும் ஆறு மாதத்துக்கு யாருக்கும் கடனும் கொடுக்காமல், படகும் வாங்காமல், நிலத்துக்கு முன்பணமும் போடாமல் வங்கியில் வையுங்கள். படகு வாங்கச் சொல்பவர் கெட்டவர் என்று அர்த்தமில்லை, அவருக்கு அவர் தொழில் தெரியும், உங்கள் கணக்கு தெரியாது.

வீட்டுக்குள்

கேதம் கேட்க வரும் கூட்டம் பதினாறாம் நாள் கருமாதி வரைக்கும் இருக்கும். அதன் பிறகு வரும் மாதங்கள்தான் கடுமையானவை. பென்ஷன் இன்னும் வந்திருக்காது, சம்பளம் நின்றிருக்கும், மாமியார் வீட்டில் இருப்பதா அம்மா வீட்டுக்குப் போவதா என்ற பேச்சு தொடங்கும். தாலி, பூ, பொட்டு விஷயத்தில் அந்தப் பெண்ணின் விருப்பத்தை ஒருவராவது கேட்க வேண்டும். ஊர் வழக்கம் என்று கூட்டத்தின் நடுவே நடத்திவிடுவதை நாளைக்கு அவரே சொல்லிக் காட்டுவார். மறுமணம் செய்தால் எந்தப் பென்ஷனும் போய்விடும் என்று பயமுறுத்துபவர்களை அப்படியே நம்ப வேண்டாம். தாராளக் குடும்பப் பென்ஷன் மறுமணத்தாலேயே நின்றுவிடுவதில்லை. குழந்தைகளை அவர் தொடர்ந்து பராமரிக்கிறாரா என்பதை வைத்துத்தான் விதி பேசுகிறது. பிள்ளைகளின் படிப்புச் சலுகைக்கு இருந்த மாதம் 10,000 ரூபாய் வரம்பு 2018இல் எடுக்கப்பட்டது, கட்டண ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். அட்டைக்குப் போர் விதவைகள் சந்தா கட்ட வேண்டியதில்லை.

தூக்கமின்மை, சாப்பாடு இறங்காமை, 'நானும் போயிடறேன்' என்ற பேச்சு எது வந்தாலும் அழுகை என்று விடாமல் 14416 டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்குப் பேசுங்கள், தமிழில் பேசுவார்கள். அப்பாமார் அழுவதில்லை, குடிக்கப் போவார்கள் அல்லது இரவில் கரையில் போய் உட்காருவார்கள். அவர்களையும் யாராவது கவனிக்க வேண்டும்.

ஆண்டுதோறும் நவம்பரில் ஸ்பர்ஷ் என்ற இணையவழிப் பென்ஷன் முறையில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பென்ஷன் நிற்கும். சின்னப்பாலம், மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் பெண்களுக்கும் கருவாடு காயப்போடும் பெண்களுக்கும் விரல் ரேகை தேய்ந்து கருவி பிடிக்காது. மூன்று முறை விழாவிட்டால் மையத்துக்காரர் நாளைக்கு வாருங்கள் என்பார். ஆதார் முக அடையாளச் செயலியைக் கேளுங்கள், 2021 முதல் அந்த வசதி இருக்கிறது. வெளிச்சம் முகத்தில் விழும்படி வாசலில் நின்று எடுத்தால் சீக்கிரம் முடியும். முடிந்ததும் அந்தச் சான்றிதழுக்குக் கிடைக்கும் பிரமாண் எண்ணை அந்தப் பழைய நோட்டிலேயே எழுதி வையுங்கள்.